புதுக் கோச்சி சத்தம் போடாது

செவ்வாய்க்கிழமை வெள்ளோட்டம்.
நீல நிறம், ஏழு பெட்டி,
சீற்றுகளில் பொலித்தீன் இன்னும் உரிக்கவில்லையாம்.
இணுவில் கடவையில் நான்.
ஒரு கையில் சிவப்புக் கொடி,
மறுகையில் மூங்கில் தடியை இறக்கும் கயிறு.
நாட்சம்பளம். போன மாதத்தது இன்னும் வரவில்லை.

பழையது கோண்டாவிலைத் தாண்டினால்
என் பிளாஸ்டிக் கதிரையின் கால் சொல்லிவிடும்.
தேத்தண்ணியில் வட்டம் வட்டமாய் ஓடும்.
அதற்குப் பிறகுதான் ஊதல்.
எனக்கு மணிக்கூடு தேவைப்பட்டதில்லை.

புதியது
புகையிலைக்கு மருந்தடிக்கிற மெஷினின் இரைச்சலுக்குள்
ஒளிந்து வந்தது.
டியூசன் பெடியள் ஐந்து பேர்
முன்சில்லைத் தண்டவாளத்தில் முட்டுக்கொடுத்து
முதல்நாள் மேட்ச்சைக் கதைத்துக்கொண்டு நின்றார்கள்.
கயிறு கையில் சிக்கியது.
கத்தினேன்.
அன்றைக்குக் கடவை என் தொண்டைதான்.

ஒருவருக்கும் ஒன்றுமில்லை.
கடைசியாய்ப் பின்னுக்குப் பாய்ந்தவன் சொன்னான்:
"அன்ரி, ஏசிக் கோச்சி! அடிச்ச காத்தே குளிருது."

பின்னேரம் நேசனின் குரல் பதிவு.
சின்னம்மாவின் மகன்,
லண்டனில் நிலத்துக்குக் கீழே கோச்சி ஓட்டுகிறவன்.
"அக்கா, எங்களுக்கும் இந்தக் கிழமை புதுசு.
பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையில கதவே இல்லை,
பாம்பின்ர வயித்துக்குள்ள நடக்கிற மாதிரி.
அதிராது. முதுகு நோகாது எண்டுறாங்கள்.
ஆனா முன்கண்ணாடியில இப்பவும் என்ர முகந்தான்.
பதினாலு வருசமா அதையே பாத்துக்கொண்டு ஓடுறன்.
உங்கட புதுசின்ர சத்தத்தை ஒருக்கா பிடிச்சு அனுப்புங்கோ."

தேத்தண்ணிக் கடை இராசேந்திரத்துக்கு இதைச் சொன்னேன்.
"இஞ்ச உது சரிவராது பிள்ளை,
மூண்டடி தோண்டினாக் கல்லு,
கல்லுக்குக் கீழ தண்ணி" என்றார்.
நான் மறுத்துக் கதைக்கவில்லை.

ஆனால் எங்களிடம் இருந்தது.
எட்டடி நீளம், நாலடி அகலம்.
கோச்சி நின்றுபோன பிறகு லைனிலிருந்து கழற்றிய
தண்டவாளத் துண்டு ஒன்பது கூரைக்கு.
அதற்கு மேல் சிலிப்பர் கட்டை, மண்மூட்டை.
நேசனுக்கு ஆறு வயது, எனக்குப் பதினொன்று.
விமானம் இரைகிற நேரங்களில்
மல்லாந்து கிடந்து இரும்பைப் பார்த்துக் கேட்பான்:
"அக்கா, கோச்சி எங்களுக்கு மேலால போகுமா, கீழாலயா?"
தண்டவாளம் தலைக்கு மேலே எண்டால்
கோச்சி தலைகீழாத்தான் ஓடும், என்றேன்.
சனமெல்லாம் வௌவால் மாதிரித் தொங்கிக்கொண்டு
கொழும்புக்குப் போகும்.
சிரிக்கத் தொடங்கினான்.
கேணிப் பக்கம் ஒன்று விழுந்தது.
சிரித்து முடித்தானா என்பது
எனக்கு ஞாபகம் இல்லை.

புதன்கிழமை பிடித்தேன், நாற்பத்தொரு செக்கன்.
மருந்து மெஷின்.
கொடி அடிக்கிற சத்தம்.
"நில்லுங்கோ, நில்லுங்கோ" என்று நான்.
யாரோ நித்திரையில் புரண்டு படுத்ததுபோல் ஒன்று.
பிறகு திரும்பவும் மெஷின்.

மூன்றுதரம் கேட்டானாம்.
"உங்களை மட்டுந்தான் கேக்குது அக்கா" என்று எழுதியிருந்தான்.

மணி ஒன்று போட்டுத் தரச்சொல்லி
விமலசூரிய மாத்தயாவிடம் சொன்னேன்.
கொப்பியில் எழுதிக்கொண்டார்.
சிங்களத்தில் எழுதியதால்
மணி என்றுதான் எழுதினாரோ தெரியாது.

வியாழன் காலை
செருப்பைக் கழற்றிவிட்டு
இடக்காலின் பெருவிரலைத் தண்டவாளத்தில் வைத்தேன்.
இரும்பு பனியில் நனைந்திருந்தது.
பெடியள் வருகிறார்கள், மணி அடித்துக்கொண்டு.
தோட்டத்தில் மெஷின்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
பிறகு நகத்துக்குக் கீழே
மெல்லக் கூசியது.

கயிற்றை விட்டேன்.
தடி இறங்கியது.